இரண்டாவது தொட்டி

நன்னீர் மீன் தொட்டிகள் பல வீடுகளில் உண்டு. கடல் மீன் தொட்டி அவ்வளவு எளிதல்ல. செலவும் கவனமும் அதிகம் வேண்டும். ஆயினும் அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் சில வீடுகளின் கூடத்தில், ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் நீந்துவதைக் காணலாம். ஒரு நாள் காலையில் அந்த மீனின் துடுப்புகளிலும் உடலிலும், யாரோ பொடி உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன் கல்லிலும் மணலிலும் உடம்பை உரசும். செவுள்கள் வேகமாக அடித்துக்கொள்ளும். இரை போட்டால் எடுக்காது.

உடனே வைத்தியம் தொடங்கும். ஒருவர் பூண்டுச் சாறு என்பார். இன்னொருவர் மஞ்சள் தூள் என்பார். கடையிலிருந்து நீல நிற மருந்து ஒரு சீசா வந்து சேரும். நான்கைந்து நாளில் புள்ளிகள் மறைந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இரண்டு வாரம் கழித்துப் புள்ளிகள் முன்னிலும் பல மடங்காகத் திரும்பி வரும். அதன் பிறகு மீன்கள் ஒவ்வொன்றாக மடியும்.

மாணவ நண்பர்களே, இரண்டு தொட்டிகள் வைக்க முடியாதவர் கடல் மீன் வளர்க்கக் கூடாது என்பது என் கருத்து. கேட்பதற்குச் சற்றுக் கடுமையாக இருக்கலாம். காரணங்களைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மீன் வைத்தியத்தில் என்ன வேலை என்றும் நீங்கள் கேட்கலாம். இந்த நோயைத் தீர்ப்பதில் பாதி கணக்கு. மீதிப் பாதி இயற்பியல். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

புள்ளிக்குள் இருப்பது யார்?

அந்த வெள்ளைப் புள்ளி ஓர் உயிர். ஒரே ஒரு செல்லால் ஆனது. உடலெங்கும் நுண்ணிய குறு இழைகள் கொண்டது. உங்கள் உயிரியல் புத்தகத்தில் வரும் பாரமீசியத்துக்கு இது தூரத்து உறவு. கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். கடல் மீன்களின் வெண்புள்ளி நோயை 1937ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் சிகாமா விவரித்தார். ஒட்டுண்ணிக்கு இப்பெயரைச் சூட்டியவர் பிரவுன், ஆண்டு 1951.

இதன் வாழ்க்கையை நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம். நாட்களைக் கவனமாகப் படியுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் கட்டம் மீனின் உடலில் கழிகிறது. ஒட்டுண்ணி மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்குள்ள செல்களைத் தின்று பெருக்கிறது. நாம் காணும் புள்ளி இதுதான். 3 முதல் 7 நாட்கள் இந்நிலை நீடிக்கும். இரண்டாவது கட்டத்தில் வயிறு நிரம்பிய ஒட்டுண்ணி தானாகவே மீனை விட்டு இறங்கி, சில மணி நேரம் தொட்டியின் அடியில் ஊர்ந்து இடம் தேடும். மூன்றாவது கட்டத்தில் மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓர் உறையை உண்டாக்கிக்கொள்ளும். இந்தக் கூட்டுக்குள் அது மீண்டும் மீண்டும் பிளந்து சுமார் இருநூறு குஞ்சுகளாகும். இதற்குக் குறைந்தது 3 நாள் ஆகும். பெரும்பாலான கூடுகள் 4 வாரத்துக்குள் வெடித்துவிடும். சில சோம்பேறிக் கூடுகள் 72 நாள் வரை காத்திருந்ததும் உண்டு. நான்காவது கட்டத்தில் குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும். மீனைத் துளைத்துப் புகும் ஆற்றலோ முதல் சில மணி நேரத்துக்குப் பிறகே வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவதும், கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதும் பெரும்பாலும் இருளில் நடக்கின்றன. அந்த நேரத்தில் பல மீன்கள் அடித்தளத்தை ஒட்டி அசையாமல் உறங்கிக்கொண்டிருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

கடலில் சாது, தொட்டியில் அரக்கன்

இவ்வளவு கொடிய ஒட்டுண்ணி கடலில் உள்ள மீன்களையெல்லாம் ஏன் அழித்துவிடவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டால் விடை கிடைக்கும்.

ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடல் பரந்தது, நீரோட்டம் உண்டு, மீன்கள் ஓரிடத்தில் நில்லா. 200 குஞ்சுகளில் ஒன்றுக்கு மட்டும் மீன் கிடைத்தால் ஒட்டுண்ணியின் தொகை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒன்றுக்குப் பதில் ஒன்று. மீனுக்கு ஓரிரு புள்ளிகள் வரும், போகும்.

இப்போது அதே மீனை 200 லிட்டர் தொட்டியில் விடுங்கள். ஒட்டுண்ணி இறங்கும் இடத்துக்கும் மீன் உறங்கும் இடத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இராது. குஞ்சுகளில் பத்தில் ஒன்றுக்கு மட்டும் மீன் கிடைத்தாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் தொகை 20 மடங்காகும். முதல் சுற்றில் 1 என்பது 20 ஆகும். இரண்டாவது சுற்றில் 400. மூன்றாவது சுற்றில் 8,000. கணக்கைப் பார்த்தால் ஒட்டுண்ணி மாறவே இல்லை. மாறியது நீரின் கன அளவுதான். நோயைக் கொண்டுவந்தது மீன் என்றால், அதைக் கொலைகாரனாக்கியது கண்ணாடிச் சுவர்.

செவுள்களிலும் இது புகும். அங்கே நம் கண்ணுக்குத் தெரியாது. மீன் மூச்சுத் திணறி இறப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இது வீட்டுப் பொழுதுபோக்கோடு நிற்கும் தொல்லையும் அல்ல. கூண்டுகளில் வளர்க்கப்படும் கொடுவா போன்ற உணவு மீன்களையும் இந்த ஒட்டுண்ணி தாக்குகிறது. அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் முட்டுக்காடு நிலையத்தில் 1997ஆம் ஆண்டு கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் 2010ஆம் ஆண்டில் கடல் விராலைக் குஞ்சு பொரிக்கச் செய்தது. இத்தகைய மீன்களைக் கூண்டில் வளர்த்துப் பிழைக்க வேண்டிய குடும்பங்களுக்கு, இந்த வெள்ளைப் புள்ளி பிழைப்பையே பாதிக்கும் விஷயம்.

பூண்டு குணப்படுத்தியதா?

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஒரு முறை மிகுந்த மகிழ்ச்சியோடு வந்தார். "சார், பூண்டுச் சாறு கலந்து இரை போட்டேன். அஞ்சே நாளில் எல்லாப் புள்ளியும் போய்விட்டது" என்றார். "பூண்டு போடாமல் இருந்திருந்தால் எத்தனை நாளில் போயிருக்கும்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கத் தொடங்கினார்.

நீங்களும் யோசியுங்கள். மேலே சொன்ன முதல் கட்டத்தைத் திரும்பப் படியுங்கள். 3 முதல் 7 நாட்களில் ஒட்டுண்ணி தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும்! பூண்டு கொடுத்தாலும் இறங்கும். மஞ்சள் போட்டாலும் இறங்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் இறங்கும். புள்ளி மறைந்த அன்று மணலில் கூடுகள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அதாவது, மீன் மிகவும் நலமாகத் தோன்றும் அந்த நாட்களில்தான் தொட்டி மிகவும் அபாயமாக இருக்கிறது.

ஒரு மருந்து வேலை செய்ததா என்று அறிய, அதைக் கொடுத்த தொட்டியை மட்டும் பார்த்தால் போதாது. அதே நோய், அதே நீர், அதே இரை உள்ள இன்னொரு தொட்டி வேண்டும். அதில் மருந்து கூடாது. இரண்டிலும் புள்ளிகளை நாள்தோறும் எண்ண வேண்டும். அதுவும் ஐந்து நாளோடு நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று தலைமுறைக்கேனும் எண்ண வேண்டும். பூண்டு இந்த ஒட்டுண்ணியைத் தொட்டியை விட்டு ஒழிக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பூண்டின் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. ரசத்துக்கு அது மிக நல்லது.

சுத்தக்கார மீனையும் சுத்தக்கார இறாலையும் தொட்டியில் விட்டால் அவை ஒட்டுண்ணியைத் தின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சுத்தக்கார மீன்கள் பெரும்பாலும் தின்பது, மீனின் உடல்மேல் ஒட்டியிருக்கும் சிறு ஓட்டுடலிகளை. நம் ஒட்டுண்ணியோ தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே அவற்றின் வாய் எட்டாது. மருந்துகளும் இதே காரணத்தால்தான் தோற்கின்றன. முதல் கட்டத்தில் மீனின் தோல் அதற்குப் போர்வை. மூன்றாவது கட்டத்தில் கெட்டியான உறை கவசம். நிராயுதபாணியாக அது வெளியே வருவது நான்காவது கட்டத்தில் மட்டும்தான். ஆகவே மருந்தை ஒரு நாள் ஊற்றி மறுநாள் நிறுத்துவது வீண் வேலை. எல்லாக் கூடுகளும் வெடித்து முடியும் வரை காவல் இருக்க வேண்டும்.

நரம்புச் சிலந்தி கற்றுத்தந்த பாடம்

ஒட்டுண்ணியை வெல்ல அதைக் கொல்லும் மருந்து கட்டாயம் தேவை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது.

நரம்புச் சிலந்தி என்ற புழுவைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். சுமார் ஒரு மீட்டர் நீளம் வளரும் இப்புழு, காலில் கொப்புளம் உண்டாக்கி மெல்ல மெல்ல வெளிவரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் காலை நனைப்பார். புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். சைக்ளாப்ஸ் என்னும் சிறு நீர்ப்பூச்சி அவற்றை உண்ணும். அந்த நீரைக் குடிப்பவருக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துப் புழு வெளிவரும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. ஆனாலும் இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டது 1996ஆம் ஆண்டில். 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோய் அற்ற நாடாக அறிவித்தது. எப்படிச் சாதித்தார்கள்? குடிநீரைத் துணியில் வடிகட்டச் செய்தார்கள். படிக்கிணறுகளை மாற்றியமைத்தார்கள். நோயாளி நீரில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது, புழு ஒழிந்தது.

மீன் தொட்டியிலும் இதையே செய்யலாம். நம் ஒட்டுண்ணியின் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமானது? கூட்டிலிருந்து வந்த குஞ்சுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைத்தாக வேண்டும். கிடைக்காமல் செய்துவிட்டால்?

மூன்று வழிகள்

முதல் வழி இடமாற்றம். இதில் மருந்தே கிடையாது. ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் போதும். நோயுற்ற மீனை முதல் தொட்டியில் விடுங்கள். 3 நாள் முடிவதற்குள் அதை இரண்டாவது தொட்டிக்கு மாற்றுங்கள். அந்த நாட்களில் இறங்கிய ஒட்டுண்ணிகள் முதல் தொட்டியிலேயே தங்கிவிடும். கூடு வெடிக்கக் குறைந்தது 3 நாள் ஆகும் அல்லவா? அவை கண் விழிக்கும்போது மீன் அங்கே இராது. முதல் தொட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டால் கூடுகளும் செத்துப்போகும். சென்னை வெயில் இதற்குக் காசு கேட்பதில்லை. இப்படி 3 நாளுக்கு ஒருமுறையாக நான்கு தடவை மாற்றினால், மீனின் உடலில் கடைசி ஒட்டுண்ணியும் இறங்கியிருக்கும். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வலையையும் காற்றுக் கல்லையும் காயவைக்காமல் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. இரண்டு தொட்டிகளிலும் நீரின் வெப்பமும் உப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. நாட்காட்டியை மதிப்பவருக்கு இதுவே சிறந்த வழி.

இரண்டாவது வழி உப்பைக் குறைப்பது. இதில்தான் இயற்பியல் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கடல் மீனின் இரத்தத்தில் உப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். சவ்வூடு பரவல் விதிப்படி, மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே கடல் மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றி உயிர் வாழ்கிறது. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். 2013ஆம் ஆண்டில் தொடங்கிய நெம்மேலி நிலையத்தில், கடல்நீரை இதைவிட அதிக அழுத்தத்தால் சவ்வின் வழியே தள்ளித்தான் தென் சென்னைக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். மீனும் நெம்மேலியும் தீர்ப்பது ஒரே பிரச்சினையை.

இப்போது தொட்டி நீரின் உப்பை லிட்டருக்கு 12 கிராம் அளவுக்குக் குறைத்தால் என்ன ஆகும்? மீனின் இரத்தமும் நீரும் ஏறக்குறைய சமமாகிவிடும், மீனுக்கு ஓய்வு. ஆனால் கடல்நீருக்கென்றே அமைந்த ஒட்டுண்ணியின் கூட்டுக்குள்ளும் குஞ்சுக்குள்ளும் நீர் பாயும். தாங்கமாட்டாமல் அவை சிதைந்துபோகும்.

அடையாற்று முகத்துவாரத்தில் இயற்கை இந்தச் சோதனையை ஆண்டுதோறும் நடத்துகிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் உப்பைக் கரைத்துவிடும். கோடையில் கடல்நீரின் கை ஓங்கும். மணல்மேடு வாயை அடைத்தால் நிலைமை மீண்டும் மாறும். மடவையும் கொடுவாவும் இந்த மாற்றங்களைத் தாங்கும் மீன்கள். கோமாளி மீன் பவளப் பாறையைச் சேர்ந்தது என்றாலும், மெதுவாகக் குறைத்தால் அதுவும் தாங்கிக்கொள்ளும்.

எவ்வளவு நீரை மாற்ற வேண்டும்? 100 லிட்டர் தொட்டியில் 3,500 கிராம் உப்பு இருக்கிறது. வேண்டியது 1,200 கிராம். ஒரே தடவையில் மாற்றுவதானால் ஏறத்தாழ 66 லிட்டரை எடுத்துவிட்டு நன்னீர் ஊற்ற வேண்டும். இதை இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். அப்போது கணக்கு சற்று மாறும். எப்படி மாறும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் மூன்று நான்கு வாரம் இந்நிலையை நீடித்து, பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு உப்பை ஏற்ற வேண்டும்.

உப்பை அளக்கும் கருவி உங்களுக்கு அறிமுகமானதுதான். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியைப் போன்ற மிதப்பு மானி அது. ஆர்க்கிமிடீஸ் விதியில் இயங்குவது. கடல்நீரின் ஒப்படர்த்தி சுமார் 1.026. நமக்கு வேண்டியது 1.009. வித்தியாசம் ஆயிரத்தில் 17 மட்டுமே! ஆகவே கண்மதிப்பு உதவாது. ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி இன்னும் நம்பகமானது. தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.333, கடல்நீருக்கு 1.339. இந்தச் சிறு வித்தியாசத்தைத்தான் அது படித்துச் சொல்கிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஆவியாவது நீர் மட்டும்; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே நீர் மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டுக் குறித்துவைத்து, குறைந்ததை நன்னீரால் ஈடு செய்ய வேண்டும். கடற்கரையோர வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருப்பது உண்டு. அதையும் அளந்த பின்பே ஊற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும்; அதை நீக்க வேண்டும். கடற்கரையிலிருந்து கடல்நீர் எடுத்து வருபவர்களும் அளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நம் கரையோரக் கடல்நீரின் உப்பு குறைந்துவிடும்.

மூன்றாவது வழி தாமிரம். மயில் துத்தம் என்று நாம் சொல்லும் தாமிர சல்பேட்டிலிருந்து வரும் தாமிர அயனி, நீந்தும் குஞ்சுகளைக் கொல்லும். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம் இரண்டு மூன்று வாரம் மாறாமல் இருக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை; கூடினால் மீனுக்கே நஞ்சு. 50 லிட்டர் நீருக்கு 0.20 வீதம் 10 மில்லிகிராம் தாமிரம் ஆகிறது. தாமிர சல்பேட் படிகத்தில் கால் பங்குதான் தாமிரம். எனவே 40 மில்லிகிராம் படிகம் போதும். அது ஏறக்குறைய ஓர் உளுந்து மணியின் எடை. 'ஒரு சிட்டிகை' போட்டால் அளவு பல மடங்காகிவிடும். ஆகவே இதை அனுபவமுள்ள பெரியவர் துணையின்றி, தாமிரத்தை அளக்கும் சோதனைப் பெட்டி இன்றிச் செய்யவே கூடாது. கடைகளில் கிடைக்கும் சில மருந்துகளில் தாமிரம் வேறு சேர்மமாகப் பிணைந்திருக்கும். அவற்றின் அளவு வேறு. சீட்டைப் படித்தே போட வேண்டும்.

எந்த வழியைத் தேர்வது என்பது நோயைச் சரியாக அறிந்த பிறகுதான். வெல்வெட் என்று அழைக்கப்படும் அமைலூடினியம் நோயில் புள்ளிகள் மாவு போல மிக நுண்ணியதாக இருக்கும். சில நாட்களிலேயே மீன்கள் இறக்கும். அதற்குத் தாமிரம் கேட்கும். உப்பைக் குறைப்பதை நம்ப முடியாது. வெண்புள்ளி ஒட்டுண்ணியிலும் குறைந்த உப்பைத் தாங்கும் வகைகள் சில இடங்களில் காணப்பட்டுள்ளன. உங்கள் பள்ளி நுண்ணோக்கியை இங்கே பயன்படுத்தலாம். இறந்த மீனின் செவுளில் சிறு துண்டை உடனே ஒரு துளி கடல்நீரில் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி ஒட்டுண்ணி உருண்டையாக, மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும்.

ஏன் தனித் தொட்டி?

இந்த மூன்று வழிகளில் எதையாவது கூடத்திலுள்ள அலங்காரத் தொட்டியிலேயே செய்ய முடியுமா? இடமாற்றம் என்றாலே வேறு தொட்டிதான். உப்பைக் குறைத்தால் அங்குள்ள இறால், நட்சத்திர மீன், கடல் சாமந்தி எல்லாம் மடியும். அவற்றுக்கு மீனைப் போல உப்பைச் சரிக்கட்டும் ஆற்றல் இல்லை. தாமிரமும் அவற்றைக் கொல்லும். அதோடு பவள மணலும் சுண்ணாம்புக் கல்லும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிலைக்காது. ஆகவே மூன்றுக்கும் வேறு தொட்டி தேவை. மீன்கள் அங்கே சிகிச்சை பெறும்போது, பெரிய தொட்டியை மீனே இல்லாமல் பத்துப் பதினொரு வாரம் விட்டுவைக்க வேண்டும். 72 நாள் காத்திருக்கும் அந்தச் சோம்பேறிக் கூட்டையும் இப்படி வென்றுவிடலாம். இறாலும் நட்சத்திர மீனும் அங்கேயே இருக்கலாம். ஒட்டுண்ணி அவற்றில் வளராது.

நோய் வந்த பின் சிகிச்சைக்கு உதவுவதைவிட, நோய் வராமல் காப்பதற்கே அந்தத் தொட்டி அதிகம் பயன்படும். புதிதாக வாங்கிய ஒவ்வொரு மீனும் முதலில் அங்கே நான்கு வாரமாவது தங்க வேண்டும். முடிந்தால் அப்போதே இடமாற்றமும் செய்துவிடலாம். உடலில் ஒரு புள்ளிகூட இல்லாத மீனும் செவுளில் ஒட்டுண்ணியைச் சுமந்துவரலாம். ஒருமுறை நோய் கண்டு பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி வந்துவிடும். பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தபடி அது மற்ற மீன்களுக்கு நோயைக் கொடுக்கும். 2020ஆம் ஆண்டில் நாம் எல்லோரும் வீட்டில் அடைபட்டுக் கற்ற பாடம் இதுதானே?

"இடம் ஏது, பணம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். இந்தத் தொட்டிக்கு அழகு வேண்டாம். 40, 50 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி, காற்றுப் பம்பு, பஞ்சு வடிகட்டி, மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, குதித்துவிடாமல் மேலே ஒரு வலை. மணலும் கல்லும் கூடாது. பஞ்சைச் சில வாரம் முன்பே பெரிய தொட்டியில் போட்டுவைத்தால், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். எல்லாம் சேர்ந்தாலும் அலங்காரத் தொட்டிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிதான். இடம் உண்மையிலேயே இல்லையென்றால், கடல் மீனும் வேண்டாம் என்பதே என் பதில்.

மீன் எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தொட்டியில் விடப்படும் கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப் பாறைகளிலிருந்து பிடிக்கப்பட்டவை. நன்னீர்த் தங்கமீன் போலத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்தவை அல்ல. பத்து மீன் இறந்து பதினொன்றாவதில் பாடம் கற்றுக்கொள்ளலாம் என்பவர், அந்தப் பத்து மீனையும் பாறையிலிருந்து எடுத்துவிட்டார் என்று பொருள். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் நம் ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளார்கள். வாங்குவதானால் அத்தகைய வளர்ப்பு மீனைத் தேடி வாங்குங்கள். பவளங்களும் கடற்குதிரைகளும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம்.

சென்னைக்குக் கடல் மீன் காட்சி புதிதல்ல. 1909ஆம் ஆண்டிலேயே மெரினாவில் ஒரு கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை நடந்தது. கடல் மீனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கும் ஆசை நமக்குப் பழையதுதான். அந்த ஆசையைக் குறை சொல்லவில்லை. நான் கேட்பது, ஆசைப்படுகிறவர் எண்ணவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கடல் மீன் தொட்டி வைக்கும் பேச்சு எழுந்தால், முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "புது மீன் வந்ததும் எங்கே விடப்போகிறோம்?" அதற்குப் பதில் வந்த பிறகு மீனின் நிறத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எலியட்ஸ் கடற்கரையிலிருந்து பெரியவர்கள் துணையோடு 100 மில்லி லிட்டர் கடல்நீர் எடுத்துவந்து, வடிகட்டி, தட்டில் ஊற்றி வெயிலில் காயவைத்து, மிஞ்சும் உப்பை எடை போடுங்கள். மே மாதத்தில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை. இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். அவை ஏன் வேறுபடுகின்றன என்று வகுப்பில் விளக்கத் தெரிந்த மாணவரின் கையில் ஒரு மீனை நம்பிக் கொடுக்கலாம்.